நாற்காலியைத் தேடுங்கள்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசாங்க வேலை பார்த்த ஐரிஷ்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி

பேட்ரிக் மர்ஃபி என்ற பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1850-களின் நியூயார்க்கில் ஒருவரைத் தேடிப் பாருங்கள், அரை நாளில் வெறுத்துப்போகும். ஜான் சல்லிவன், மைக்கேல் கெல்லி, ஜேம்ஸ் ரையன் எல்லாம் அதே கதைதான். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறியவர்கள் லட்சக்கணக்கில், அவர்களிடையே புழங்கிய பெயர்களோ கொஞ்சம். இனிஷியல் இல்லாத முருகன்களும் செல்விகளும் மட்டுமே குடியிருக்கும் ஊரில் விலாசம் விசாரிக்கிற மாதிரி.

அந்த மர்ஃபி அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் என்று மட்டும் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. கூலிக்கு மூட்டை தூக்கியவரைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. சர்க்கார் பணம் வாங்கியவரைப் பற்றி எழுதி வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எந்த இலாகா, எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு பணம் என்று வரிசையாக இருக்கும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: ஆளைத் தேடாதீர்கள், அவர் உட்கார்ந்த நாற்காலியைத் தேடுங்கள். நாற்காலி அசையாது, அதில் யார் எப்போது உட்கார்ந்தார், யார் எழுப்பிவிட்டார் என்பதற்குக் காகிதம் இருக்கும்.

கதைக்கோ கட்டுரைக்கோ விக்கிப்பீடியாவுக்கோ இப்படி ஒருவரைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, மதுரையில் உட்கார்ந்தே பார்க்கலாம். பழகுவதற்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெரிய ஆள்: ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், அயர்லாந்தின் டைரோன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பிறந்து, 1826 வாக்கில் அமெரிக்கா வந்து, கடைசியில் மூன்று வெவ்வேறு மாநிலங்களின் செனட்டராக இருந்தவர். இன்னொருவர் சின்ன ஆள்: பார்னி மெக்கினிஸ்கின், பாஸ்டன் போலீஸில் சேர்ந்த முதல் ஐரிஷ்காரர். ஷீல்ட்ஸின் வாழ்க்கை ஏற்கெனவே அக்குவேறு ஆணிவேறாக ஆராயப்பட்டது, அதனால்தான் அவரை வைத்துப் பழகச் சொல்கிறேன். நீங்கள் தேடிக் கண்டுபிடித்தது சரியா என்று விடையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் மர்ஃபிக்கு அந்த வசதி இருக்காது.

முதலில் நீலப் புத்தகம்

அமெரிக்க காங்கிரஸ் 1816-ல் ஒரு தீர்மானம் போட்டது. மத்திய அரசிடம் சம்பளம் வாங்குகிற எல்லோருடைய பெயரையும் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று. அதுதான் அஃபிஷியல் ரெஜிஸ்டர், செல்லமாக புளூ புக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருஷங்களில் வரும்: 1817, 1819, 1821 என்று நூற்றாண்டு முழுக்க. ஹாத்தி டிரஸ்ட், கூகுள் புக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றிலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதில் நமக்குப் பெரிய லாபம், பிறந்த இடத்துக்கென்றே ஒரு பத்தி இருப்பது. இலாகா வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அலுவலகத்திலும் தலைமை அதிகாரியில் தொடங்கி குமாஸ்தா, மெசஞ்சர், வாட்ச்மேன், எடுபிடி வரை இறங்குவார்கள். பெயருக்குப் பக்கத்தில் வேலை, பிறந்த மாநிலம் அல்லது நாடு, வேலை பார்க்கும் ஊர், சம்பளம். அயர்லாந்து என்று போட்டிருக்கும் வரிகளை மட்டும் கண்ணால் ஓட்டிக்கொண்டே போகலாம். பெயரை வைத்துத் தேடுபொறியில் தட்டுவதைவிட இது எனக்கு எப்போதுமே நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் பழைய அச்சை எழுத்துணர்வு மென்பொருள் கண்டபடி படிக்கும்.

சம்பளப் பத்தியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். 1853-ல் வாஷிங்டன் குமாஸ்தாக்களை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள், அடுத்த ஓரிரு வருஷத்தில் அந்த நான்குக்கும் சம்பளம் வருஷத்துக்கு 1,200, 1,400, 1,600, 1,800 டாலர் என்று நின்றது. ஆக ஒரு தொகுதியில் 1,200-ஆக இருந்தவர் அடுத்ததில் 1,400 என்றால் பதவி உயர்வு, எவரும் சொல்லாமலேயே தெரிந்துவிடும். கஸ்டம் ஹவுஸ், அதாவது துறைமுகச் சுங்க அலுவலக இன்ஸ்பெக்டர்களுக்கு நாள் கணக்கில் போட்டிருக்கும், அதை வருஷச் சம்பளத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பெண்களையும் தேடுங்கள். உள்நாட்டுப் போர் சமயத்தில் கருவூல இலாகாவில் ஃபிரான்சிஸ் ஸ்பின்னர் என்ற அதிகாரி, அச்சடித்த நோட்டுத் தாள்களை வெட்டிப் பிரிக்கப் பெண்களை வேலைக்கு எடுத்தார், அதன் பிறகு அவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சம்பளம் மட்டும் ஏறவில்லை. 1866-க்குப் பிறகு பெண் குமாஸ்தாவுக்கு 900 டாலர் என்று வைத்தார்கள், பக்கத்து மேஜை ஆணின் கடைசி வகுப்புச் சம்பளத்தைவிடக் குறைவு.

புளூ புக்கின் பலவீனம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் எடுத்த புகைப்படம் அது. 1845 நவம்பரில் சேர்ந்து 1847 ஜூனில் வெளியே போனவர் அதில் இருக்கவே மாட்டார். இந்த இடைவெளியை நிரப்ப நகர டைரக்டரிகளைப் பாருங்கள், அவை வருஷாவருஷம் வந்தன, பெயருக்குப் பக்கத்தில் குமாஸ்தா, தபால்காரர், கஸ்டம் ஹவுஸ் என்று தொழிலும் வீட்டு முகவரியும் இருக்கும். டைரக்டரிக்காரர்கள் வீடு வீடாகப் போய் எழுதியது அச்சுக்கு வருவதற்கு மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 1860 டைரக்டரி என்றால் 1859-ன் நிலவரமாகவும் இருக்கலாம்.

இன்னொரு பொறி, இலாகா மாற்றம். உள்துறை இலாகா 1849-ல்தான் உருவானது. அதுவரை நிலத்துறை அலுவலகம் கருவூலத்தின் கீழே, பென்ஷன் அலுவலகம் போர் இலாகாவின் கீழே, பேட்டன்ட் அலுவலகம் வெளியுறவு இலாகாவின் கீழே. 1847-ல் கருவூலத்தில் இருந்தவர் 1851-ல் உள்துறையில் இருக்கிறாரே, வேலை மாறிவிட்டாரா என்றால், இல்லை. மனிதர் அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், மேலே பெயர்ப் பலகைதான் மாறியது. ஷீல்ட்ஸ் 1845-ல் நிலத்துறை ஆணையர் ஆனார், ஆகவே 1845 தொகுதியில் அவரைக் கருவூலத்தின் கீழே தேட வேண்டும்.

சரி, ஷீல்ட்ஸ் அதற்கு முன்னால் இல்லினாய் மாநில ஆடிட்டர், அப்புறம் 1843 முதல் 1845 வரை மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. இது இரண்டும் புளூ புக்கில் கிடையாது, ஏனென்றால் சம்பளம் கொடுத்தது மாநிலம். பார்னியோ நகராட்சிச் சம்பளக்காரர், அவரும் இருக்க மாட்டார். மத்தி, மாநிலம், நகரம் என்று மூன்று கஜானா, மூன்றுக்கும் தனித்தனிக் காகிதம். ஒருவர் ஒரு பட்டியலிலிருந்து காணாமல் போனால் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள், பக்கத்துக் கஜானாவை எட்டிப் பாருங்கள்.

பார்னி இதற்கு நல்ல உதாரணம். கால்வே கவுண்டிக்காரர், வண்டி ஓட்டிப் பிழைத்தவர். 1851-ல் பாஸ்டன் போலீஸில் சேர்த்தார்கள், ஊரே இரண்டுபட்டது, ஐரிஷ் கத்தோலிக்கனுக்கு லத்தியா என்று. 1854-ல் குடியேறிகளை எதிர்த்து எழுந்த நோ நத்திங் கட்சியின் கை ஓங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போலீஸ் பட்டியலை மட்டும் பார்த்தால் கதை அங்கே முடிந்தது. ஆனால் மனிதர் பிறகு அதே பாஸ்டனில் மத்திய அரசின் கஸ்டம் ஹவுஸில் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார், 1868-ல் இறந்தார். நகரத்தை ஒரு கட்சி பிடித்திருக்கும்போது மத்தியில் வேறு கட்சி இருக்கும், அங்கே கதவு திறந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஐரிஷ் அரசாங்க வாழ்க்கைகள் புரிந்துவிடும்.

குடியுரிமைத் தேதியில்தான் சிக்கல் எல்லாம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான்.

1802 சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்தால் அமெரிக்கக் குடியுரிமை கேட்கலாம். முதலில் நீதிமன்றத்தில் போய், குடிமகனாக விரும்புகிறேன் என்று ஒரு அறிவிப்பு, அதை முதல் காகிதம் என்பார்கள். சில வருஷம் கழித்து இறுதி மனு, சாட்சி, சத்தியம். சத்தியத்தில் பிரிட்டிஷ் அரசருக்கோ அரசிக்கோ இருந்த விசுவாசத்தைக் கைவிடுகிறேன் என்று வரும், ஐரிஷ்காரர்கள் பலருக்கு அதைச் சொல்வதில் எந்தக் கஷ்டமும் இருந்திருக்காது. 1824-ல் ஒரு சலுகை வந்தது: 18 வயதுக்கு முன்பே வந்து சேர்ந்தவர் முதல் காகிதத்தையும் இறுதி மனுவையும் ஒரே நாளில் கொடுக்கலாம். முதல் காகிதம் தனியாகக் கிடைக்கவில்லை என்றால் இதையும் யோசியுங்கள். 1862-க்குப் பிறகு ராணுவத்தில் இருந்து நல்லபடியாக விடுவிக்கப்பட்டவர் ஒரு வருஷக் குடியிருப்பிலேயே குடிமகன் ஆகலாம், அவருக்கும் முதல் காகிதம் தேவையில்லை.

1906 வரை இதற்கு ஒரு மைய அலுவலகம் கிடையாது. மத்திய நீதிமன்றம், மாநில நீதிமன்றம், கவுண்டி நீதிமன்றம், நகர நீதிமன்றம், முத்திரையும் குமாஸ்தாவும் உள்ள எந்தக் கோர்ட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஒருவர் வசித்த எல்லா ஊர்களின் கோர்ட்டுகளையும் தேட வேண்டியிருக்கும். தேர்தலுக்கு முந்தைய வாரங்களைக் குறிப்பாகப் பாருங்கள், கட்சிக்காரர்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப்போய் வாக்காளர் ஆக்கிய நாட்கள் அவை. கிடைத்த காகிதத்தில் சொந்த ஊர் இருக்கும் என்று ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள், 1906-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் அயர்லாந்து என்ற ஒற்றைச் சொல்தான்.

இப்போது ஷீல்ட்ஸுக்கு வருவோம். 1849 ஜனவரியில் இல்லினாய் சட்டசபை அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. மெக்சிகோ போரில் செரோ கோர்டோவில் நெஞ்சில் குண்டு துளைத்தும் பிழைத்து வந்த வீரர், யார் எதிர்த்து நிற்க முடியும்? தோற்றவர் பதவியில் இருந்த செனட்டர் சிட்னி பிரீஸ். ஆனால் செனட்டராக வேண்டுமென்றால் ஒன்பது வருஷமாகக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். ஷீல்ட்ஸ் காகிதம் வாங்கிய நாள் 1840 அக்டோபர் 21, எஃபிங்ஹாம் கவுண்டி கோர்ட்டில். பதவிக்காலம் தொடங்குவது 1849 மார்ச் 4. ஏழரை மாதம் குறைகிறது. இந்த விஷயத்தைக் கிளப்பியது பிரீஸ்தான் என்று நினைத்து, மிரட்டுகிற தொனியில் அவருக்கு ஒரு கடிதம் வேறு எழுதி வைத்தார் ஷீல்ட்ஸ், அது வெளியே வந்து மானம் போனது. மார்ச் 15-ல் செனட் அந்தத் தேர்தலே செல்லாது என்று சொல்லிவிட்டது. பிறகென்ன, ஒன்பது வருஷம் முடிகிற அக்டோபர் வரை காத்திருந்து, மாநில சட்டசபை மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பியது.

தேடுகிறவருக்கு இதில் இரண்டு உபயோகம். ஒன்று, இந்த மாதிரித் தகராறு நடந்திருந்தால் அதன் காகிதங்களில் கிடைக்கிற விவரம் வேறெங்கும் கிடைக்காது. ஒருவரின் தகுதியை யாரோ கேள்வி கேட்டிருக்கிறார் என்றால் அதைக் கொண்டாடுங்கள், எந்தக் கோர்ட், எந்தத் தேதி, யார் சாட்சி என்று எல்லாம் பதிவாகியிருக்கும். இரண்டாவது, ஷீல்ட்ஸ் 1836-லேயே இல்லினாய் சட்டசபை உறுப்பினர்! காகிதம் வாங்கியது அதற்கு நான்கு வருஷம் கழித்து. முதலில் குடியுரிமை, அப்புறம்தான் பதவி என்ற ஒழுங்கான வரிசையை மனதில் போட்டுக்கொண்டு, பதவித் தேதிக்கு முன்னால் மட்டும் தேடினால் சரியான காகிதத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். மேற்கு மாநிலங்களில் அந்தக் காலத்தில் யாரும் அவ்வளவு கறாராக இல்லை.

1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை உயிரோடு இருந்தவர் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. அதில் வந்திறங்கிய வருஷமும் குடியுரிமை நிலையும் கேட்டிருக்கிறார்கள்: என்.ஏ. என்றால் குடிமகன், பி.ஏ. என்றால் முதல் காகிதம் மட்டும், ஏ.எல். என்றால் இன்னும் அந்நியர். 1890 கணக்கெடுப்பை நம்பாதீர்கள், 1921-ல் நடந்த தீ விபத்தில் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது.

யார் சிபாரிசு?

1883 வரை மத்திய அரசு வேலை என்பது பெரும்பாலும் கட்சி கொடுக்கும் பரிசு. 1829-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாக வந்ததிலிருந்து, ஆட்சி மாறினால் நாற்காலியும் மாறும் என்பது எழுதாத சட்டம் ஆனது. ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி. அதனால் 1841, 1849, 1861 ஆகிய வருஷங்களில் மார்ச் 4-க்குப் (அப்போது புது ஜனாதிபதி பதவியேற்கும் நாள்) பிறகு வரும் மாதங்களைப் பாருங்கள், அந்தக் கட்சி அதிகாரத்தை இழந்த தருணங்கள் அவை. உங்கள் ஆள் அந்த வசந்தத்தில் காணாமல் போயிருந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1845-லும் 1853-லும் திரும்ப வந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஷீல்ட்ஸ் நிலத்துறைக்கு வந்ததும் 1845-ல், ஜனநாயகக் கட்சியின் போல்க் ஜனாதிபதியான அதே வருஷம்.

வேலை கேட்டு எழுதிய கடிதங்களும் சிபாரிசுக் கடிதங்களும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, என்னைக் கேட்டால் இந்தத் தேடலிலேயே ருசியான பகுதி இதுதான். கஸ்டம்ஸ் வேலைக்கான விண்ணப்பங்கள் மட்டும் 1833-லிருந்து 1910 வரை தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கப்பலில் வந்தேன், எத்தனை பிள்ளைகள், எந்த வார்டில் கட்சிக்கு எவ்வளவு உழைத்தேன், யார் என் வயிற்றில் அடித்தார்கள் என்று கொட்டித் தீர்த்திருப்பார்கள். ஆனால் பாராட்டு வாசகங்களை அப்படியே நம்பி எழுதிவிடாதீர்கள், நேர்மையானவர், குடிப்பழக்கம் இல்லாதவர் என்பதெல்லாம் எல்லாக் கடிதத்திலும் வரும் பல்லவி. கீழே யார் கையெழுத்து என்று பாருங்கள். பாதிரியாரா, வார்டு தலைவரா, காங்கிரஸ் உறுப்பினரா, பட்டாளத்து கர்னலா? அந்தக் கையெழுத்துகளைத் தனிப் பட்டியலாக எழுதி, அவர்கள் எப்போது பதவியில் இருந்தார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டால் உங்கள் ஆளின் ஏற்ற இறக்கம் அதோடு ஒட்டிப் போவது தெரியும்.

பெரிய பதவி என்றால் செனட்டின் ஒப்புதல் வேண்டும், அதனால் செனட்டின் நிர்வாக நடவடிக்கைக் குறிப்பில் பெயர் வரும். காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் 1875 வரைக்கும் இலவசமாகத் தேடலாம். ஆணையர், கவர்னர், துறைமுக கலெக்டர், 1836-க்குப் பிறகு வருஷம் 1,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ள போஸ்ட்மாஸ்டர் எல்லாரும் இதில் உண்டு. ஒரு எச்சரிக்கை: நியமனம் வேறு, வேலை பார்த்தது வேறு. 1848-ல் ஷீல்ட்ஸை ஓரிகான் பிரதேசத்தின் கவர்னராக நியமித்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார், ஜோசஃப் லேன் போனார். நியமனக் குறிப்பை மட்டும் பார்த்து ஓரிகானை ஆண்ட ஐரிஷ்காரர் என்று எழுதினால் சிரிப்பார்கள். சம்பளம் வாங்கியதற்குச் சான்று இருந்தால்தான் வேலை பார்த்தார் என்று எழுதுங்கள்.

பத்திரிகைகளும் உதவும், காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா இலவசம்தான். ஆனால் கட்சிப் பத்திரிகை என்பதை மறக்காதீர்கள், ஒரே குமாஸ்தா ஒன்றில் தியாகி, இன்னொன்றில் திருடன். ஷீல்ட்ஸ் ஆடிட்டராக இருந்த 1842-ல் இல்லினாய் ஸ்டேட் வங்கி திவாலானதும், அந்த வங்கியின் நோட்டுகளை வரி கட்ட வாங்காதீர்கள் என்று உத்தரவு போட்டார். எதிர்க்கட்சிப் பத்திரிகையில் ரெபெக்கா என்ற கிராமத்துப் பெண்ணின் பெயரில் அவரைக் கிழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது ஆபிரகாம் லிங்கன். ஷீல்ட்ஸ் சண்டைக்கு அழைத்தார், செப்டம்பர் 22 அன்று மிசூரி பக்கத்துத் தீவு ஒன்றில் வாளோடு நின்றார்கள், நண்பர்கள் குறுக்கே விழுந்து சமாதானம் செய்தார்கள். மாநிலக் கருவூலத்தின் ஒரு சுற்றறிக்கையில் ஆரம்பித்த விவகாரம் இது. ஆகவே அலுவலக உத்தரவுகளைப் படிக்காமல் பத்திரிகைக் கூச்சலை மட்டும் படித்தால் எதற்கு அடித்துக்கொண்டார்கள் என்றே புரியாது.

1883 ஜனவரி 16-ல் பெண்டில்டன் சட்டம் வந்தது, வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டதன் பின்விளைவு. தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறை அதிலிருந்துதான், அதுவும் ஆரம்பத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும். அதற்குப் பின் சேர்ந்தவர் என்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் பணியாளர் கோப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுதலாம்.

பெயர், வயது, தபால் ஆபீஸ்

ஓ'பிரையன் என்ற பெயரைத் தேடும்போது மேலே போடும் அபாஸ்ட்ரபி குறியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, இடைவெளி விட்டு ஒருமுறை, ஓ-வையே எடுத்துவிட்டு பிரையன் என்று ஒருமுறை தேடுங்கள். மெக் என்று தொடங்கும் பெயர்களை 19-ஆம் நூற்றாண்டு அச்சில் எம் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அபாஸ்ட்ரபி மட்டும் போட்டு முடித்திருப்பார்கள். மெக்கினிஸ்கின் மாதிரிப் பெயரை எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வயது நான்கைந்து வருஷம் முன்னே பின்னே இருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். செனட்டராக இருந்த ஷீல்ட்ஸுக்கே பிறந்த வருஷம் 1806 என்றும் 1810 என்றும் இரண்டு உண்டு. இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கிராமத்து போஸ்ட்மாஸ்டர் வேலைக்குத் தனிப் பதிவேடு உண்டு, 1832-லிருந்து தொடர்ச்சியாக. மாநிலம், கவுண்டி, தபால் ஆபீஸ் என்ற வரிசையில், ஒரே பக்கத்தில் அந்த ஆபீஸில் இருந்த எல்லோருடைய பெயரும் நியமனத் தேதியும். நாற்காலியைத் தேடுங்கள் என்று சொன்னேனே, அதை அப்படியே புத்தகமாகப் போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் கடை வைத்திருந்தவருக்குத்தான் இந்த வேலை. நகரத்துத் தபால்காரர்கள் என்றால் 1863 ஜூலைக்கு முன்னால் போகாதீர்கள், அரசுச் சம்பளத்தில் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கடிதம் கொடுப்பது அப்போதுதான் 49 நகரங்களில் தொடங்கியது.

அயர்லாந்துப் பக்கம்

இங்கே பலரும் முதலில் போய் முட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் காகிதங்களில் ஊர் பெயர் கிடைக்கும்வரை அயர்லாந்துக்குப் போகாதீர்கள், பயனில்லை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 1922-ல் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் வெடித்து எரிந்தபோது போயின, 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசாங்கமே அழித்துவிட்டது. மிஞ்சியிருப்பதில் முக்கியமானது கிரிஃபித் மதிப்பீடு, 1847-லிருந்து 1864 வரை நிலமும் வீடும் யார் கையில் இருந்தது என்ற வரிக் கணக்கு. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிதான் பங்கு) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் போட்டது. ஆனால் எந்தப் பங்கு என்று தெரிந்தால்தான் அதைத் திறக்கவே முடியும்.

அந்தப் பங்கின் பெயரைப் பிடிக்க இரண்டு இடம் சொல்கிறேன். நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850-ல் தொடங்கிய எமிக்ரன்ட் இண்டஸ்ட்ரியல் சேவிங்ஸ் வங்கி, கையெழுத்துப் போடத் தெரியாத வாடிக்கையாளரையும் அடையாளம் காண வேண்டுமே என்று, பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், வந்த கப்பல் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தது. அவை நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. இன்னொன்று பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831-லிருந்து 1921 வரை வந்த காணாமல் போன நண்பர்கள் விளம்பரங்கள். அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி, இன்ன கவுண்டி, இன்ன பங்கு, கடைசியாக இன்ன ஊரில் வேலை பார்த்தார் என்று. உங்கள் ஆள் தேடப்பட்டவராக இல்லாவிட்டாலும் தேடியவராக இருக்கலாம், சம்பளம் நிலையாக வருகிற அரசாங்க ஆள்தானே விளம்பரத்துக்குக் காசு கொடுப்பார்.

பட்டாளத்தில் இருந்தவர் என்றால்

1865 மார்ச்சில் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது, போரில் ஊனமுற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை கொடுங்கள் என்று. அதனால் ஐரிஷ் படைப்பிரிவுகளில் இருந்து கையோ காலோ இழந்து வந்தவர்களைக் குமாஸ்தா, வாட்ச்மேன் வரிசையில் தேடுங்கள். அவர்களுக்குப் பென்ஷன் கோப்பு இருந்தால் அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. காயம் எப்படிப் பட்டது, எந்த டாக்டர் பார்த்தார், எங்கெங்கே வேலை பார்த்தார், யாரைக் கல்யாணம் செய்தார், எல்லாவற்றுக்கும் அக்கம்பக்கத்தார் சத்தியப் பிரமாணம் செய்திருப்பார்கள். விதவை மனுப் போட்டிருந்தால் திருமணச் சான்றும் பிள்ளைகளின் பிறந்த தேதியும் சேர்ந்தே வரும்.

ஆனால் பட்டாளக் கதைகளில் யார் எங்கே இருந்தார் என்பதைத் தேதியோடு பாருங்கள். 1862 மார்ச் 23 கெர்ன்ஸ்டவுன் சண்டையில் தென் மாநிலங்களின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனைத் தோற்கடித்தவர் ஷீல்ட்ஸ் என்று பல இடத்தில் இருக்கும். தோற்கடித்தது அவருடைய டிவிஷன்தான், அவர் முந்தின நாளே குண்டுச் சிதறல் பட்டுக் கிடந்தார், களத்தில் நடத்தியது கர்னல் நேதன் கிம்பால்.

இரங்கல் செய்தியை மட்டும் கடைசியாகப் படியுங்கள். முதலிலேயே படித்தால் அதில் உள்ள வரிசை மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, மற்ற எல்லாக் காகிதத்தையும் அதற்கேற்ப வளைக்கத் தோன்றும். ஷீல்ட்ஸ் 1879 ஜூன் 1-ல் அயோவாவின் ஆட்டம்வாவில் இறந்தார். மூன்று மாநிலங்களின் செனட்டர் என்று சொல்லும்போது மூன்றும் ஒரே அளவு என்று தோன்றும். காலக்கோட்டில் போட்டுப் பார்த்தால் இல்லினாய் சுமார் ஐந்தேகால் வருஷம், மினசோட்டா பத்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு, மிசூரி 1879 ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் 3 வரை, ஐந்து வாரம். மினசோட்டாவில் புது மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் சீட்டுப் போட்டபோது குறுகிய பதவிக்காலம் அவருக்கு விழுந்தது, அது முடிந்ததும் மறுபடி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் பதவியின் பெயரை எழுதும்போதே சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் மூன்றுக்கும் தனித்தனியாகப் பத்தி போட்டு வையுங்கள், காரணம் தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள்.